பழைய வீட்டின் கூரை: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பழைய வீட்டின் கூரை ஒழுகத் தொடங்கியதும் ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். கொத்தனாரைக் கூப்பிட்டால் ஓட்டை இறக்கிவிட்டுக் காங்கிரீட் போடச் சொல்வார். ஆசாரி வந்தால் கூரையின் சாய்வு மரங்களான கைமரம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்பார். இரும்புச் சட்டகம் கட்டும் ட்ரஸ் வேலை செய்கிறவர் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஷீட்டைப் போட்டு மூடிவிடலாம் என்பார். மூவரும் பொய் சொல்வதில்லை. அவரவர் கைக்குப் பழகிய வேலையைச் சொல்கிறார்கள். ஆகவே இவர்களில் எவரையும் அழைப்பதற்கு முன் வீட்டுக்காரர் தாமே இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்வது நல்லது. கூரையைத் தாங்கி நிற்பது, அதாவது ஓட்டு வீட்டில் மரமும் காங்கிரீட் வீட்டில் கம்பியும், எந்த நிலையில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. மாற்றுவதென்றால், புதிதாக வரப்போகும் கூரையின் பாரத்தை இருக்கிற சுவர் தாங்குமா என்பது இரண்டாவது. ஒழுகலின் அளவு இவ்விரண்டுக்கும் விடை சொல்லாது. குடம் குடமாக ஒழுகும் கூரையில் நான்கு ஓடுகள் மட்டும் விரிசல் விட்டிருக்கலாம். ஒரு சொட்டும் விழாத கூரையில் உத்திரத்தின் உட்புறம் செல்லரித்து வெறும் கூடாகியிருக்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கூரைக்கு ஓய்வு குறைவு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, அது ஓய்ந்து சற்றுக் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடுகிறது. கல்குளம், விளவங்கோடு பக்கம் மழையும் அதிகம், மர நிழலும் அதிகம். ரப்பரும் பலாவும் சூழ்ந்த வீட்டின் ஓடு நாள் முழுவதும் ஈரம் காயாமல் பாசி பிடிக்கும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை குறைவு, ஆனால் கணவாய் வழியாக வரும் காற்று கடுமையானது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கான காரணமே அங்கே ஓட்டைக் கிளப்புவதற்கும் காரணம். குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று ஆணியையும் கம்பியையும் தின்கிறது. மார்த்தாண்டத்தில் உறவினர் வீட்டில் நன்றாக அமைந்த வேலை என்பதற்காக அதையே முட்டத்தில் செய்துவிடக் கூடாது.

ஓட்டு வீட்டைப் பார்க்கும் முறை

பார்ப்பதற்கு ஏற்ற காலம் மழை பெய்யும் நேரம். வேலைக்கு ஏற்ற காலம் வேறு. அதைப் பின்னர் சொல்கிறேன். மழை கனத்துப் பெய்யும்போது ஒரு டார்ச் விளக்கும் சாக்குக்கட்டியும் எடுத்துக்கொண்டு மச்சுக்கு மேலே, மச்சு இல்லாத வீட்டில் ஏணி வைத்து ஓட்டின் அடிப்பக்கம் வரை, ஏறிப் பார்க்க வேண்டும். தண்ணீர் தரையில் விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அபூர்வம். உள்ளே புகுந்த நீர், ஓடு உட்காரக் கைமரங்களின் குறுக்கே அடித்த சட்டமான ரீப்பரின் மேல் பக்கவாட்டில் ஓடி, கைமரத்தைத் தொட்டதும் அதன் அடிப்பக்கமாகவே ஆறேழு அடி இறங்கி, ஏதாவது ஒரு முடிச்சிலோ ஆணித் தலையிலோ தடுக்கிய பிறகுதான் சொட்டும். எனவே ஈரக் கோட்டை மேல்நோக்கித் தொடர்ந்து சென்று, அது தொடங்கும் இடத்தில் சாக்குக்கட்டியால் குறி வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் நான் இரண்டு மழைக்காலத்தை வீணாக்கியிருக்கிறேன். தக்கலைக்கு மேற்கே உள்ள எங்கள் பழைய வீட்டில் அடுக்களைச் சுவரோரம் சொட்டியது. மோட்டில், அதாவது கூரையின் உச்சியில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, முகட்டு ஓடுகளைச் சுற்றி சிமென்ட் பூசி, அடுத்த ஆண்டும் பூசினேன். மூன்றாவது ஆண்டில் டார்ச்சோடு ஏறியபோது, அடுக்களைக் கூரையும் பெரிய கூரையும் சேரும் மடக்கில் இருந்த தகரக் காவாய் முழுவதும் பலா இலை மக்கி அடைத்து, தண்ணீர் காவாயின் விளிம்பைத் தாண்டி உள்ளே வழிந்துகொண்டிருந்தது தெரிந்தது. மோட்டில் ஒரு குறையும் இல்லை.

அந்த மடக்குதான் பெரும்பாலான ஓட்டு வீடுகளின் பலவீனமான இடம். பின்னாளில் அறை சேர்த்துக் கட்டிய வீடுகளில் பழைய சாய்வும் புதிய சாய்வும் சேருமிடத்தில் தகரம் துருப்பிடித்து ஊசித் துளைகள் விழுந்திருக்கும். அங்கே மட்டும் இருபுறமும் மூன்று வரிசை ஓட்டை எடுத்து, அகலமான புதிய காவாயைப் போட்டு மேய்ந்துவிட்டால் பாதி வீடுகளின் ஒழுகல் நின்றுவிடும் என்பது என் அனுபவம். இது பழுது பார்க்கும் வேலை. கூரையை மாற்றும் வேலை அல்ல.

அடுத்தது மரம். ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கைமரத்தையும், மேற்குப் பகுதியில் கழுக்கோல் என்பார்கள், மூன்று இடங்களில் குத்திப் பார்க்க வேண்டும்: சுவரின் மேல் உட்காரும் இடம், சுவருக்கு வெளியே நீளும் இறவாரத்தின் நுனி, மோட்டில் சேரும் தலை. நல்ல அயினியிலோ முற்றிய தேக்கிலோ முனை ஒரு நூல் கூட இறங்காமல் நிற்கும். கேட்கும் ஒலியும் கனமாக இருக்கும். முனை வெண்ணெயில் இறங்குவது போல அரை அங்குலம் போனால் அந்த இடம் போய்விட்டது. பெயின்ட் அடித்த மரத்தில் இந்தச் சோதனை மிகவும் அவசியம், ஏனெனில் கரையான் மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்னும். கண்ணுக்கு மரம் முழுதாகத் தெரியும். பனங்கை போட்ட வீடுகளில் வெளி வைரம் இரும்பு மாதிரி இருக்க, உள்சோறு மாவாகிப் போயிருக்கும். அதைக் குத்திப் பார்ப்பதைவிடச் சுத்தியால் தட்டிக் கேட்பதே நல்லது. தரையில் மஞ்சள் நிறத்தில் நுண்ணிய தூள் குவிந்து கிடந்தால் அது வண்டு உளுக்கும் மரம். மண் குழாய் சுவரில் ஏறியிருந்தால் கரையான். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் எதுவென்று தெரிந்துகொண்டே ஆசாரியிடம் பேச வேண்டும்.

ஒவ்வொரு கைமரத்துக்கும் எண் போட்டு, ஒரு தாளில் கூரையின் படத்தை வரைந்து, கெட்டதை மட்டும் குறித்துக்கொண்டால் முடிவு பெரும்பாலும் தானே வெளிப்படும். எங்கள் வீட்டில் இருபத்தாறு கைமரங்களில் மூன்றுதான் கெட்டிருந்தன. மூன்றும் அந்தக் காவாயை ஒட்டியவை. கேடு இப்படி ஓரிடத்தில் ஒட்டி இருந்தால், காரணமும் ஒன்றாகவே இருக்கும். பழுது பார்த்தால் போதும். கெட்ட நுனியை வெட்டி எடுத்து, அதே மரத்தில் புதுத் துண்டைச் சாய்வாக இணைத்து போல்ட் போடலாம். அல்லது பழைய கைமரத்தின் பக்கத்திலேயே புதியது ஒன்றைச் சேர்த்துப் பாரத்தை அதற்கு மாற்றலாம். கேடு ஆங்காங்கே சிதறி, மூன்றில் ஒரு பங்கு மரங்களைத் தொட்டிருந்தால், ஒவ்வொன்றாக மாற்றுவதற்கு ஆகும் கூலியில் முழுச் சட்டகத்தையும் இறக்கி ஏற்றிவிடலாம். மோட்டு உத்திரமோ, சுவர்மேல் படுத்திருக்கும் விட்டமோ உளுத்திருந்தால் கணக்கே வேறு: ஒன்றுதான் கெட்டது என்றாலும் அதை எடுக்க அதன்மேல் இருக்கிற எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும்.

தெருவில் நின்று மோட்டைப் பார்த்தால் அது நடுவில் தொய்ந்திருப்பது பல பழைய வீடுகளில் தெரியும். தொய்வைக் கண்டு உடனே பயப்பட வேண்டியதில்லை. பச்சை மரத்தில் கட்டிய வீடு முதல் சில ஆண்டுகளிலேயே தொய்ந்து, அப்படியே அறுபது ஆண்டு நின்றிருக்கலாம். இரு முனைக்கும் இடையே ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்து எழுதி வைத்து, ஒரு மழைக்காலம் கழிந்த பின் மீண்டும் அளக்க வேண்டும். அளவு மாறவில்லை என்றால் அது பழைய தொய்வு. மாறியிருந்தாலோ, கைமரங்கள் சுவரை வெளிப்புறமாகத் தள்ளிச் சுவரின் மேல்பகுதியில் நீளவாக்கில் விரிசல் கண்டிருந்தாலோ, தாமதிக்காமல் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும்.

ஓடு கடைசியாகத்தான் வரவேண்டும். ஆனால் எல்லோரும் அதையே முதலில் பார்க்கிறார்கள். பேசல் மிஷன் என்ற கிறித்தவ மதப்பணி அமைப்பு 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியே, மங்களூர் ஓடு எனப்படும் இந்த வகை ஓடு பரவி, பின்னர் கோழிக்கோடு, கொல்லம் பக்கங்களிலும் தொழிற்சாலைகள் வந்தன. பழைய ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பெயர் அச்சாகியிருக்கும். அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்வது ஆசைக்காக அல்ல. ஒரு தொழிற்சாலையின் ஓடும் இன்னொன்றின் ஓடும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும், வாய் வரம்பு ஒன்றுக்குள் ஒன்று பொருந்தாது. பொருந்தாத இடத்தில் காற்றடிக்கும் மழை உள்ளே வரும். ஆகவே புது ஓட்டைப் பழையதன் நடுவே ஒட்டுப்போடக் கூடாது. பின்புறச் சாய்விலிருந்து நல்ல பழைய ஓடுகளைக் கழற்றி முன்புறத்தில் உடைந்தவற்றுக்குப் பதிலாக வைத்து, பின்புறச் சாய்வு முழுவதற்கும் ஒரே வகைப் புது ஓட்டைப் போட வேண்டும். ஓட்டைக் கையில் தூக்கி விரல் முட்டியால் தட்டினால் நன்கு சுட்ட ஓடு கணீர் என்னும். மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கிறது அல்லது நீர் ஊறிக் கிடக்கிறது. அடிப்பக்கத்தில் ரீப்பரைப் பற்றும் மூக்கு உடைந்த ஓடு, முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கழிக்க வேண்டியது.

ஓடும் மரமும் நன்றாக இருந்தும் ஒழுகுமானால் சரிவை அளந்து பார்க்க வேண்டும். இரண்டடி கிடைக்கு ஓரடியாவது உயரம் இல்லாத சாய்வில் மங்களூர் ஓடு நம் ஊர் மழையைத் தாங்காது. தாழ்வாரத்தை நீட்டிக் கட்டியபோது பலர் செய்த தவறு இதுதான். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் மரச் செதுக்கு வேலைகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதன் கூரையின் செங்குத்தான சரிவையும் தாழ்ந்து நீண்ட இறவாரத்தையும் ஒரு முறை நின்று பார்த்தால் வீடு கட்டுபவருக்குக் கூடுதல் பயன் உண்டு. சரிவு குறைந்த பகுதியை எத்தனை முறை பழுது பார்த்தாலும் பணம் போகுமே தவிர ஒழுகல் போகாது. அந்தப் பகுதியை மட்டுமாவது மாற்றியே ஆக வேண்டும்.

ஓட்டை எடுத்துவிட்டுக் காங்கிரீட் போடலாமா?

இதற்குச் சுவர்தான் விடை சொல்ல வேண்டும். ஒரு மங்களூர் ஓடு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு பிடிக்கும். மரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு சதுர அடிக்கு ஐந்து, ஆறு கிலோதான் வருகிறது. ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம் ஒரு சதுர அடிக்கு இருபத்தொன்பது கிலோ. 600 சதுர அடி வீட்டின் மேல் சாய்வையும் சேர்த்து நான்கு டன் அளவில் இருந்த ஓட்டுக் கூரையை இறக்கிவிட்டுப் பதினேழு டன் தளத்தை ஏற்றுகிறோம். அதன்மேல் தட்டோடு, தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர் எல்லாம் தனி. மண் சுவரோ, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வெட்டுகல் (செம்புரைக்கல்) சுவரோ நேராக வரும் பாரத்தை ஓரளவு தாங்கும் என்றாலும், அஸ்திவாரம் ஓட்டுக் கூரைக்காகப் போட்டது என்பதை மறக்கக் கூடாது. அஸ்திவாரத்தை ஒட்டி இரண்டு இடங்களில் குழி தோண்டி அதன் ஆழத்தையும் அகலத்தையும் பொறியாளர் பார்க்காமல் காங்கிரீட் போடச் சம்மதிக்கக் கூடாது. சுவர் தாங்காது என்று தெரிந்தால், புதுத் தூண்கள் எழுப்பி அவற்றின் மேல் தளம் போடலாம்; ஆனால் அது கூரை வேலை அல்ல, வீடு கட்டும் வேலை. செலவையும் அப்படியே மதிப்பிட வேண்டும். கூரையின் வகையை மாற்றினால் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ அனுமதி கேட்க வேண்டியிருக்கும். வீட்டு வரியும் மாறக்கூடும். முன்கூட்டியே போய் விசாரித்துக்கொள்வது நல்லது.

மரம் கிடைப்பதும் ஆசாரி கிடைப்பதும் கடினமாகிவிட்டதால், இப்போது பலர் இரும்புப் பைப்பில் சட்டகம் செய்து, பழைய ஓட்டையே அதன்மேல் மேய்கிறார்கள். சுவருக்குப் பாரம் கூடுவதில்லை, கரையான் பயமும் இல்லை. உள்நாட்டு ஊர்களில் இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். கடலோரத்தில் மட்டும் யோசிக்க வேண்டும், ஏனெனில் வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் அங்கேதான் துரு முதலில் பிடிக்கும். வெல்டிங் ஆறியதும் தேய்த்துத் துத்தநாக பிரைமர் அடித்தார்களா, பைப்பின் திறந்த வாய்களை அடைத்தார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

காங்கிரீட் தளம் பழையதாக இருந்தால்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போட்ட தளங்கள் இப்போது வயதாகி நிற்கின்றன. இங்கே கேள்வி கசிவைப் பற்றியது அல்ல, கம்பியைப் பற்றியது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. உட்கூரையில் ஒழுங்கான இடைவெளியில் நேர்கோட்டு விரிசல்களும் பழுப்புக் கறையும் தெரிந்தால், அவை கம்பி போகும் வழிகள். சிறு சுத்தியால் உட்கூரை முழுவதையும் ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே போய், பொள்ளென்று ஒலிக்கும் இடங்களைக் கட்டம் போட்டுக் குறிக்க வேண்டும். தலைக்குக் கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. பொள்ளலான இடத்தில் பூச்சை எடுத்துவிட்டுக் கம்பியின் விட்டத்தை அளந்தால் நிலை தெரியும். பத்து மில்லிமீட்டர் கம்பி தேய்ந்து எட்டாகியிருந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் போயிற்று என்று தோன்றும். ஆனால் பாரம் தாங்கும் குறுக்குப் பரப்பில் நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு போய்விட்டது.

பொள்ளல் ஓரிரு மூலைகளில், குறிப்பாகக் குளியலறைக்கு மேலோ தண்ணீர்த் தொட்டிக்குக் கீழோ, இருந்து கம்பியின் உடம்பு குறையாமல் இருந்தால் பழுது பார்க்கலாம். அப்போதும் முறையாகச் செய்ய வேண்டும்: கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் வரை காங்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவைப் பளபளக்கும் வரை தேய்த்து, பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த சாந்தை அடைக்க வேண்டும். துருவின் மேலேயே சிமென்ட் பூசி வெள்ளையடிப்பது அடுத்த ஆண்டு இன்னும் பெரிய பாளமாகக் கட்டிலில் விழுவதற்கு வழி செய்வதுதான். அறையின் நடுப்பகுதியில் பரவலாகப் பொள்ளலும் தொய்வும் இருந்தால், அல்லது கட்டும்போது கடல் மணல் கலந்தது தெரிந்தால், உப்பு உள்ளேயே இருப்பதால் எந்தப் பூச்சும் நிலைக்காது. தளத்தை இடித்து மாற்றுவதே வழி. அந்த முடிவைப் பொறியாளர் சோதித்துச் சொல்லட்டும். அதுவரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

தளத்துக்கு மேலே ட்ரஸ் போட்டு ஷீட் அடிப்பது மழையைத் தடுக்கும், வெயிலைத் தணிக்கும், துணி காயப்போட இடம் தரும். கம்பியில் ஏற்கெனவே பிடித்த துருவை அது நிறுத்தாது. கீழே தளம் நலமாக இருந்தால் மட்டும் அதைச் செய்ய வேண்டும். ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30 அன்று இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை நினைத்துக்கொண்டு, தூண்களைத் தளத்தின் நடுவில் அல்லாமல் சுவருக்கு நேர்மேலே நிறுத்தி ஆழமாகப் பிணைக்கச் சொல்ல வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பழுது பார்க்க நினைக்கவே வேண்டாம்: அதை அறுப்பதும் துளைப்பதும் நுரையீரலுக்குக் கேடான தூளைக் கிளப்பும். கழற்றும்போது நனைத்து, முகக்கவசம் அணிந்து, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்கச் செய்ய வேண்டும்.

வேலைக்கு நாள் குறிப்பது

கும்பப்பூ நெல் அறுவடை முடியும் மாசி, பங்குனிதான் ஓட்டை இறக்க ஏற்ற காலம். சித்திரையில் கோடை மழை எப்போது வேண்டுமானாலும் வரும். வைகாசிக்குத் தள்ளினால் கூரையில்லாத வீட்டில் பருவமழையை வரவேற்க நேரிடும். அவசரமானால் கூட ஒரு பக்கச் சாய்வை முடித்த பின்னரே மறுபக்கத்தை இறக்க வேண்டும், போதுமான தார்ப்பாயை வாங்கி வைத்துவிட்டுத்தான் முதல் ஓட்டைத் தொட வேண்டும்.

கூலி பேசும்போது மொத்தத் தொகையாகப் பேசாமல், ஓடு இறக்கி மேய்வதற்கு எவ்வளவு, மரம் எத்தனை கன அடி, ஆசாரிக்கும் கையாளுக்கும் எத்தனை நாள் என்று பிரித்து எழுதி வாங்க வேண்டும். முன்பு வரைந்த எண் போட்ட தாளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டால், ‘எல்லாம் போச்சு, மொத்தமாக மாற்றணும்’ என்ற பேச்சு வெகுவாகக் குறையும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்து வீடுகளில் இறவார வரிசையையும் மோட்டை ஒட்டிய வரிசையையும் ஓட்டின் அடியில் உள்ள துளை வழியே கம்பியால் ரீப்பரோடு கட்டுவதையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் தனிக்கூலி கேட்பார்கள்.

வேலை முடிந்து மீந்த பழைய ஓடுகளை ஏற்றி அனுப்பிவிடாமல், ஐம்பதையாவது கிணற்றடிச் சுவரோரம் படுக்க வைக்காமல் நிற்க வைத்து அடுக்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை மேலே தேங்காய் விழும்போது அதே பெயர் அச்சான ஓடு கடையில் கிடைக்காது.